தேயிலை ஊரில் பிறந்த ரோபோ

கண்டாம் என்று சொன்னால் நம்மூரில் பாதிப் பேர் ஜாதகத்தில் வருகிற கண்டத்தைத்தான் நினைப்பார்கள். இது அது இல்லீங்க. ஜப்பான் டிவி தொடரில் வரும் 18 மீட்டர் உயர ரோபோ. வெள்ளை உடம்பு, நீல மார்பு, சிவப்புப் பாதம், நெற்றியில் ரெண்டு கொம்பு. அதை 144ல் ஒரு பங்காகச் சுருக்கினால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அந்த அளவில் பாகம் பாகமாக வரும் பிளாஸ்டிக் கிட்டை வெட்டி, பொருத்தி, பெயிண்ட் அடிப்பதுதான் என்னோட பொழுதுபோக்கு. அதுவும் நடுவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு!

"இந்த வயசுல பொம்மையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான். ஏன்னா இந்த பொம்மையும் நம்மளை மாதிரி ஒரு தேயிலைப் பிரதேசத்திலிருந்து வருகிற சரக்கு.

ஊர் பேரு ஷிசுவோகா. ஃபியூஜி மலைக்குப் பக்கம், மேடெல்லாம் தேயிலை. 1868ல் ஷோகுன் ஆட்சி போனதும், வேலை இழந்த சாமுராய்கள் சிலர் அங்கே மகினோஹரா மேட்டுக்கு வந்து, வாளை வைத்துவிட்டு மண்வெட்டி எடுத்துத் தேயிலை போட்டார்கள். அதே ஊர் மரவேலைக்கும் பேர்போனது. கோயில் கட்ட வந்த தச்சர்களும் அரக்கு வேலைக்காரர்களும் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்று சொல்வார்கள். அந்த மரத்தொழிலில்தான் மாடல் கப்பல், மாடல் விமானம் எல்லாம் கிளம்பியது. இன்றைக்கு உலகமே அறிந்த தமியா கம்பெனி 1946ல் ஒரு மரக்கடையாகத்தான் ஆரம்பம்.

50களின் கடைசியில் வெளிநாட்டு பிளாஸ்டிக் கிட்கள் உள்ளே வந்தன. மர மாடல் படுத்துவிட்டது. அதோடு அந்த ஊர்த் தொழில் முடிஞ்சிருக்கணும். முடியலை. தமியா 1960ல் யமாட்டோ போர்க்கப்பலை பிளாஸ்டிக்கில் போட்டு நஷ்டப்பட்டது. அடுத்து பேந்தர் டாங்கி போட்டு எழுந்துவிட்டது. பக்கத்து ஷிமிசுவில் இமாய் என்ற கம்பெனி ரோபோ பக்கம் போனது. 60களின் தொடக்கத்தில் டெட்சுஜின் 28 என்ற ராட்சத ரோபோவை கிட்டாகப் போட்டது. (80களில் தூர்தர்ஷனில் ஜானி சோக்கோ பார்த்தவர்களுக்கு ஒரு தகவல்: அந்த ஜெயன்ட் ரோபோவைப் படைத்த மிட்சுதெரு யோகோயாமாதான் டெட்சுஜினையும் வரைந்தவர்.)

1969ல் இமாய் நொடித்துப் போனது. அதன் ஷிமிசு தொழிற்சாலையையும் அச்சுகளையும் டோக்கியோவின் பண்டாய் கம்பெனி வாங்கிக்கொண்டது. பெயர்ப்பலகை மாறியதே தவிர, அச்சும் வேலையும் அதே மண்ணில்தான் இருந்தன. இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, மறுபடியும் வருவேன்.

1979 ஏப்ரலில் கண்டாம் தொடர் டிவியில் வந்தது. இயக்கம் யோஷியுகி டோமினோ, ரோபோ வடிவமைப்பு குனியோ ஒகவாரா. சின்னப் பசங்களுக்கு பொம்மை விற்கத்தான் குளோவர் என்ற கம்பெனி பணம் போட்டது. டோமினோ எடுத்ததோ போரில் சாகிற மனுஷங்க கதை. பொம்மை போகலை. 52 வாரம் ஓடவேண்டியதை 43லேயே நிறுத்திட்டாங்க. மறுஒளிபரப்பில்தான், அதுவும் கொஞ்சம் வளர்ந்த பசங்களிடம், தீப்பிடித்தது. 1980 ஜூலையில் பண்டாய் முதல் கிட்டை இறக்கியது. விலை 300 யென், பள்ளிக்கூடப் பையன் கைக்காசில் வாங்கக்கூடியது. பிறகு கடை திறக்குமுன்னே வரிசை. 1982 ஜனவரியில் சிபா பக்கம் ஒரு கடையில் குழந்தைகள் முண்டியடித்து, எஸ்கலேட்டரில் விழுந்து பலருக்குக் காயம். குளோவர் 1983ல் மூடப்பட்டது. பண்டாய் கொழித்தது.

அந்த 300 யென் கிட்டில் என்ன விசேஷம்னா, மொத்தமும் வெள்ளை பிளாஸ்டிக். கூடவே ஒரு பொட்டலம் பசை. நீலம், சிவப்பு எல்லாம் நீயே அடிச்சுக்கணும். இதுதான் அந்த கிட்டின் உயிர் என்பது என் கட்சி. டாங்கி மாடல் செய்துகொண்டிருந்த பெரியவர்கள் இதைக் கையில் எடுத்து, புகைக்கறை, பெயிண்ட் உரிசல், சேறு எல்லாம் வைத்து, நிஜப் போர் எந்திரம் மாதிரி ஆக்கினார்கள். ஹாபி ஜப்பான் பத்திரிகை 1981ல் இதற்கென்றே தனி இதழ் போட்டது. பொம்மையை வாங்கியவன் அங்கேதான் தொழில் கற்றவனாக ஆனான்.

1990ல் வந்த எச்.ஜி வரிசையில் பசையே வேண்டாம், அழுத்தினால் பொருந்தும். ஒரே சட்டத்தில் நாலு நிற பிளாஸ்டிக்கை வார்க்கும் எந்திரமும் வந்துவிட்டது. பெயிண்ட் அடிக்காமலே கண்டாம் கண்டாம் மாதிரி இருக்கும். நல்லதுதான். ஆனாலும் நான் அடிப்பேன்.

நடுவட்டத்தில் பெயிண்ட் அடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. கூடலூர் பக்கச் சரிவு ஆச்சே, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் மஞ்சும்தான். லாக்கர் பெயிண்ட்டின் தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, சிவப்புப் பாதம் சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துப் போகும். அதனால் மழைக்காலம் முழுக்க வெட்டு, உப்புத்தாள் தேய்ப்பு, பொருத்து. ஜனவரி வெயில் வந்தால்தான் ஸ்ப்ரே. ஆட்டோமொபைல் கடை தின்னர் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும், அதைத் தொடவே கூடாது. சரக்கு விலையும் கொஞ்சநஞ்சமல்ல. பொம்மை இறக்குமதி வரி 2020ல் 20லிருந்து 60 சதவீதம் ஆனது, 2023ல் 70. ஜப்பானில் பையன் கைக்காசுக்குப் பிறந்த பொருள், இங்கே சம்பளக்காரன் யோசித்து வாங்குவதாகிவிட்டது.

சரி, அந்த அச்சு விஷயம். நம்ம ஊருக்கும் ஷிசுவோகா மாதிரி ஒரு தொழில் இருந்தது. 1860களில் மெக்ஐவர் என்ற வெள்ளைக்காரர் மேற்பார்வையில் இங்கே சின்கோனா மரம் போட்டார்கள். மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவை அதன் பட்டையிலிருந்து எடுக்க இங்கே ஃபேக்டரியும் வந்தது. காட்டை வெட்டித் தோட்டம் போட்டதில் மலாக்கா, சிங்கப்பூர் பக்கமிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. அவர்களை அடைத்த சிறை இன்னும் நிற்கிறது. டச்சுக்காரர்களின் ஜாவா பட்டை விலையில் அடித்தது, பிறகு செயற்கை மருந்துகள் வந்தன, கொய்னா போயிற்று. எஞ்சியது தேயிலை. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய நம் மக்களுக்காக 1968ல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கி, அதுவே பின்னால் டான்டீ ஆனது. அங்கே பசங்க 300 யென்னோடு வரிசையில் நின்ற காலத்தில், இங்கே அந்தக் குடும்பங்கள் லயன் வீட்டில் வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்கியிருந்தன.

ரெண்டு ஊரிலும் பழைய சரக்கு செத்தது. ஒரு ஊரில் தச்சன் கையில் இருந்த நுட்பம் மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்குத் தாவியது. முதலாளி நொடித்தாலும் நுட்பம் தங்கியது, 2006ல் பண்டாய் தன் கிட் தொழிற்சாலையைப் புதுசாகக் கட்டியதும் அதே ஷிசுவோகாவில்தான். இன்னொரு ஊரில் வேலை செய்தவன் கைதி, இல்லை கூலி. மரம் அவனுடையதில்லை, ஃபேக்டரியும் அவனுடையதில்லை. சரக்கு போனபோது அவன் கையில் நுட்பம் எதுவும் மிஞ்சலை. கை ஒன்றும் குறைந்த கை இல்லீங்க. ரெண்டு இலை ஒரு கொழுந்தை ஒரே கிள்ளில் எடுக்கிற விரல், நிப்பர் பிடித்தால் கொம்பு உடையாமல் வெட்டும்.

பக்கத்து லயன் பசங்க ரெண்டு பேர் இப்போ ஞாயிற்றுக்கிழமை வர்றாங்க. ஒரு பழைய 144 அளவு கிட்டைக் கொடுத்தேன். பெயிண்ட் என்ன நிறம்னு கேட்டதுக்கு, "உங்க இஷ்டம்"னு சொல்லியிருக்கேன். ஒருத்தன் பச்சைதான் அடிப்பானாம். அடிக்கட்டும்.