சொந்த ஊர் எது?

ஜப்பானில் ஒரு ரத்தப் புற்றுநோய் வெளிச்சத்துக்கு வந்ததில் நோயாளிகளின் சொந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு.

1970களில் கியோட்டோவில் டாக்டர் கியோஷி தகாட்சுகியும் சகாக்களும் பார்த்த சில நோயாளிகளின் ரத்தம் விசித்திரமாக இருந்தது. வெள்ளணுக்களின் உட்கரு இதழ் இதழாகப் பிரிந்து கிடந்தது. 'பூ அணு' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. இன்னொரு சங்கதியும் கண்ணில் பட்டது: அவர்களில் பெரும்பாலோர் தென்மேற்கே உள்ள கியூஷு தீவில் பிறந்தவர்கள். 1977இல் 'வயது வந்தோர் டி செல் லுகேமியா' என்று அந்த நோய்க்குத் தனிப் பெயர் கிடைத்தது.

ஒரே சீமைக்காரர்களுக்கு ஒரே நோய் என்றால் பரம்பரையா, தொற்றா? கோழிகளின் லுகேமியா வைரஸால் பரவும் என்று கோபன்ஹேகனில் எல்லெர்மானும் பாங்கும் 1908லேயே காட்டிவிட்டார்கள். அது 'ரெட்ரோவைரஸ்' என்ற வகையைச் சேர்ந்தது. ஆனால் மனிதரைத் தாக்கும் அப்படியொரு ரெட்ரோவைரஸ் 1980இல்தான் அகப்பட்டது, அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் ஆய்வகத்தில். அடுத்த ஆண்டே யோரியோ ஹினுமாவின் குழு, ஜப்பானிய நோயாளிகளின் உடல் ஒரு வைரஸை எதிர்த்துப் போராடியதற்கான தடயத்தைக் கண்டது. இரண்டும் ஒரே வைரஸ்தான்: எச்டிஎல்வி-1.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இசாவோ மியோஷியின் பரிசோதனை. ஒரு பெண் நோயாளியின் அணுக்களையும் ஓர் ஆண் குழந்தையின் தொப்புள்கொடி ரத்த அணுக்களையும் சேர்த்து வளர்த்தார். ஓயாமல் பெருகியவை எவை என்று பார்த்தால், ஆண் குரோமோசோம் உள்ளவை! குழந்தையின் அணுக்களுக்குத் தாவிய வைரஸ் அவற்றைச் சாகாவரம் பெற்றவையாக மாற்றியிருந்தது.

எதைக் கொண்டு மாற்றியது? மிட்சுவாகி யோஷிதாவின் குழு வைரஸின் மரபுக் குறிப்பிலுள்ள 9,032 எழுத்துகளையும் 1983இல் படித்து முடித்தது. கோழிகளில் புற்று உண்டாக்கும் சில வைரஸ்கள் கோழியின் மரபணுவையே திருடி வைத்திருக்கும். இதனிடம் திருட்டுச் சரக்கு இல்லை. வால் பகுதியில் சொந்தமாகவே ஒரு மரபணு, 'டாக்ஸ்'. அணுவைப் பெருகச் சொல்லும் சுவிட்சுகளை அது தட்டிவிடும். ஆனால் டாக்ஸ் வாயைத் திறந்தால் உடலின் காவல் அணுக்கள் மோப்பம் பிடித்துவிடும். அதனாலோ என்னவோ, நோய் வந்த பிறகு ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது ஊமையாகிவிடுகிறது. பிறகும் அணு பெருகுகிறதே? 2002இல் வைரஸ் மரபின் எதிர் இழையில், எதிர்த்திசையில் எழுதியிருந்த 'எச்பிஇசட்' மரபணு தெரியவந்தது. டாக்ஸ் அடங்கிய அணுக்களிலும் அது அடங்குவதில்லை.

தொற்று பெரும்பாலும் தாய்ப்பாலில் வருகிறது. தொற்றியவர்களில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேருக்கே லுகேமியா, அதுவும் நாற்பது ஐம்பது வருஷம் கழித்து. கியூஷுவில் குடித்த பால் கியோட்டோவில் நோயாக வெளிப்பட்டது இப்படித்தான். 1987 முதல் நாகசாகியில் கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்து, வைரஸ் இருந்தால் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுக்கச் சொல்கிறார்கள்.