மஸ்டரும் வரலாறும்: தென்சென்னைத் துப்புரவுத் தொழிலாளர் சங்கம் குறித்துச் சில குறிப்புகள்

1

சென்னையின் தொழிற்சங்க வரலாறு என்றதும் நம் நினைவு நேராக வடக்கே போகிறது. பெரம்பூர், பின்னி மில், 1918 ஏப்ரல் 27, சென்னைத் தொழிலாளர் சங்கம், வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார். அப்புறம் 1923இல் சிங்காரவேலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர்நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கடற்கரையிலும் நடத்திய மே தினம். இந்தக் கதையாடலில் மயிலாப்பூரும் தியாகராய நகரும் அடையாறும் வருவதே இல்லை. அவை கோயில், சபா, துணிக்கடை, 'நல்ல ஏரியா'. உழைப்பு வேறெங்கோ நடக்கிறது, இங்கே மனிதர்கள் வசிக்க மட்டும் செய்கிறார்கள் என்பதுபோல ஒரு பாவனை.

ஆனால் 'வசிப்பது' என்பதே தினமும் உற்பத்தி செய்யப்படுகிற ஒன்று. கபாலி கோயில் மாட வீதியிலும் ரங்கநாதன் தெருவிலும் முந்தைய நாளின் குப்பை காலையில் காணாமல் போவது இயற்கை நிகழ்வல்ல. யாரோ விடியுமுன் எழுந்து, மின்சார ரயிலோ பஸ்ஸோ பிடித்து வந்து, அதை அள்ளிப் பெருங்குடிக்குப் போகும் லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். தென்சென்னையும் ஒரு தொழிற்சாலைதான். கேட் இல்லாத தொழிற்சாலை.

கேட் இல்லாதது சாதாரண விஷயமில்லை. மில்லுக்கு வாசல் இருக்கிறது. ஷிப்டு விடும்போது அங்கே கேட் மீட்டிங் போடலாம். தெருத் தெருவாகச் சிதறிக் கிடக்கிற ஆட்களை எங்கே வைத்துக் கூட்டுவது? துப்புரவுத் தொழிலாளிக்குக் கேட்டின் இடத்தில் இருப்பது மஸ்டர், அதாவது காலையில் டிவிஷன் ஆபீசில் ஆஜர் போடுகிற இடம். அதிகாரம் உடல்களை எண்ணிப் பதிவு செய்துகொள்ளும் இடம் அது. அந்த உடல்கள் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்ளும் இடமும் அதுவே. சங்கத்தின் கிளை வாழ்ந்தது இந்த இரண்டுக்கும் நடுவில். சந்தா ரசீது, நோட்டீஸ், யாருக்குப் பஞ்சப்படி நிலுவை, யார் பேரை வெட்டிட்டாங்க, செத்துப்போனவர் மகளுக்கு வாரிசு வேலை வந்ததா இல்லையா என்பதெல்லாம் அங்கேதான் பேசப்பட்டன. பெருவரலாறு எழுதுபவர்கள் இதை 'கிளைச் செய்தி' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வரலாறு தங்கியிருப்பது இதற்குள்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2

ஏன் ஒதுக்கப்பட்டது? சாதியைப் பேசாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1921 பின்னி மில் வேலைநிறுத்தத்தில் சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றபோது ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அது புளியந்தோப்புக் கலவரத்தில் போய் முடிந்தது. அன்றிலிருந்து நம் தொழிற்சங்க வரலாற்றில் தலித் தொழிலாளி 'கருங்காலி' என்ற கேள்விக்குறியோடு நிற்கிறார். அவரை அந்த நிலைக்குத் தள்ளியது எது என்று கேட்ட எழுத்துகள் குறைவு.

துப்புரவில் நிலைமை தலைகீழ். இங்கே தொழிலாளி என்றாலே பெரும்பாலும் தலித்துதான். சென்னையில் தெலுங்கு பேசும் ஆதி ஆந்திரர்கள் தலைமுறை தலைமுறையாக இதில் இருக்கிறார்கள். அப்பா வேலை மகனுக்கு, மாமியார் வேலை மருமகளுக்கு. 'வாரிசு வேலை' என்ற சலுகையை ஒரு பக்கம் சங்கத்தின் வெற்றி என்று படிக்கலாம். சாதித் தொழிலுக்கு அரசு போட்ட முத்திரை என்றும் படிக்கலாம். இரண்டு வாசிப்பும் சரி. மாத முடிவில் நிச்சயமாக வரும் சம்பளத்தை விட்டுக்கொடு என்று அந்த மருமகளிடம் சொல்கிற உரிமை நமக்கு இல்லை.

அம்பேத்கர் இதைத் துல்லியமாகப் பார்த்தவர். 1935இல் பம்பாயில் முனிசிபல் காம்கார் சங்கத்தை நிறுவினார். துப்புரவுத் தொழிலாளி முன்னறிவிப்பின்றி வேலையை நிறுத்தினால் அது தண்டனைக்குரிய குற்றம் என்று நகராட்சிச் சட்டங்களில் இருந்த ஷரத்தை அம்பலப்படுத்தினார். வேலைநிறுத்த உரிமை சுதந்திர உரிமையின் இன்னொரு பெயர் என்ற பொருளில் 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேசினார். மற்ற தொழிலாளி வேலையை நிறுத்தினால் அது தகராறு, இவர் நிறுத்தினால் குற்றம். 'அத்தியாவசியம்' என்ற சொல் மரியாதையாகவும் விலங்காகவும் ஒரே நேரத்தில் செயல்படுவதை இங்கே காணலாம்.

மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையை நினைத்துப் பாருங்கள். ராய் சௌத்ரி செய்தது. நான்கு ஆண்கள் பாறையைப் புரட்டுகிறார்கள். நம் கற்பனையில் உழைப்பு என்பது முறுக்கேறிய ஆண் உடல். துடைப்பம் அங்கே இல்லை, பெண்ணும் இல்லை. தெருவிலோ பெருக்குபவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

3

1688இல் தொடங்கிய மாநகராட்சி, குப்பை அள்ளுவதை முதன்முதலில் பன்னாட்டுக் கம்பெனியிடம் கொடுத்தது 2000த்தில். அப்போதிருந்த பத்து மண்டலங்களில் மூன்று ஓனிக்ஸ் கையில் போயின. தேர்ந்தெடுத்தது வடசென்னையை அல்ல, மத்திய, தென்சென்னைப் பகுதிகளை. பிறகு 2007இல் நீல் மெட்டல் பனால்கா, 2012இல் ராம்கி. 2020இல் தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு உள்ளிட்ட மண்டலங்கள் உர்பேசர் சுமீத்துக்குப் போயின. மயிலாப்பூர் தேனாம்பேட்டை மண்டலத்திலும், தி. நகர் கோடம்பாக்கம் மண்டலத்திலும் வருகின்றன. ஆக, இருபது வருஷத்தில் நாலு கம்பெனி. தெரு அதே தெரு, குப்பை அதே குப்பை. சட்டையின் நிறம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. 'தனியார்மயம்' என்ற பரிசோதனையின் கூடமாக இருந்தது, வரலாற்றில் இடமில்லாத இந்த 'நல்ல ஏரியா'தான்.

ஓனிக்சுக்கு டன் கணக்கில் பணம். அதனால் எடை முக்கியமாயிற்று. பின்வந்த ஒப்பந்தம் டன்னை விட்டுவிட்டு 'செயல்திறன் குறியீடு' என்றது. இப்போது கண்காணிப்பு முக்கியம். இரண்டிலும் தொழிலாளி என்கிற ஆள் கணக்கில் நேரடியாக வருவதில்லை. எடைக்குப் பின்னால் அல்லது குறியீட்டுக்குப் பின்னால் மறைந்துபோகிறார். மாநகராட்சியைக் கேட்டால் கம்பெனியைக் கேள் என்கிறது, கம்பெனியைக் கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டுகிறது. முதலாளி என்பவர் யார் என்பதே புதிராகும்போது சங்கம் யாருக்கு எதிராக நோட்டீஸ் கொடுக்கும்?

இதற்கிடையில் பெயரளவில் இன்னொரு காரியமும் நடந்தது. 2020இல் 'துப்புரவுப் பணியாளர்' என்பது 'தூய்மைப் பணியாளர்' ஆயிற்று. அதே காலத்தில் மாநகராட்சியே நேரடியாக வேலை வாங்கிய ஆயிரக்கணக்கானோர், தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் 'சுய உதவிக் குழு உறுப்பினர்' என்று பதிவானார்கள். வேலை தினமும் உண்டு, சீருடை உண்டு, மஸ்டர் உண்டு. 'தொழிலாளி' என்ற சொல் மட்டும் இல்லை. தமிழ்நாட்டில் 1981இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரம் பெற வேண்டும். ஆனால் 'உறுப்பினர்' எப்படி அந்த 480 நாளைக் கேட்பார்? சொல்லாடல் வெறும் பேச்சு என்று நினைக்கும் தோழர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு சொல் மாறினால் ஒரு பென்ஷன் காணாமல் போகிறது.

4

சலுகைகளின் பட்டியலையே ஒரு வரலாற்று ஆவணமாக வாசிக்கலாம். பர்மனென்ட் ஆளுக்கு ஊதிய விகிதம், பஞ்சப்படி, வருங்கால வைப்பு நிதி, வாரிசு வேலை. 2003 ஏப்ரல் 1க்கு முன் சேர்ந்தவர் என்றால் பழைய பென்ஷன். அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம். அதற்கும் கீழே தினக்கூலி, கம்பெனி ஆள். ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்தில் குனிந்து பெருக்குகிற இரண்டு பெண்களில் ஒருவர் சம்பளம் இன்னொருவருடையதைப்போலப் பல மடங்கு. 'நீ கம்பெனியா, கார்ப்பரேஷனா?' என்ற கேள்வி அடையாளத்தை மட்டும் விசாரிக்கவில்லை, வயதான காலத்தையும் சேர்த்தே விசாரிக்கிறது.

சங்கங்களுக்கான நெருக்கடி இங்கே தொடங்குகிறது. நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெறுகிறார். அந்த இடம் நிரப்பப்படுவதில்லை. இருப்பதைக் காப்பாற்றுவதையே வேலையாகக் கொண்ட சங்கம், இருப்பவர்கள் குறையக் குறையத் தானும் சுருங்கும். இல்லாதவர்களை உள்ளே கொண்டுவராத சங்கத்துக்கு எதிர்காலம் இல்லை. மும்பையில் கச்ரா வாஹதுக் ஷ்ரமிக் சங் ஒப்பந்தத் தொழிலாளரை மட்டுமே திரட்டி வழக்காடியது. 2,700 பேரை நிரந்தரமாக்க 2014இல் தொழில் தீர்ப்பாயம் சொன்னது. 2017 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. பத்து வருஷத்துக்கு மேலான போராட்டம் அது. மஸ்டருக்கு மஸ்டர் பேர் எழுதி, வேலை செய்த நாட்களை எண்ணி வைக்காமல் அது முடிந்திருக்காது. கிளைச் செய்திகள் சாட்சியமாகிற தருணம் இது.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1968 பிப்ரவரி 1ஆம் தேதி, மழைக்கு ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் தொழிலாளிகள் குப்பை லாரியின் இயந்திரத்தில் நசுங்கிச் செத்தார்கள். அதையொட்டி 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். தாங்களும் மனிதர்கள் என்ற வாசகத்தை அட்டையில் எழுதிப் பிடித்தார்கள். அவர்களுக்கு ஆதரவாகப் போன மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அங்கேதான் சுடப்பட்டார். ஏப்ரல் 16இல் ஏற்பட்ட உடன்பாட்டின் மையம் கூலி உயர்வு மட்டுமல்ல, சங்கத்தை நகரசபை அங்கீகரிப்பதும் சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துக் கொடுப்பதும். கேட்பதற்கு அலுவலகக் காரியம்போல இருக்கும். உண்மையில் அதுதான், இவர்களோடு பேசித்தான் ஆக வேண்டும் என்று அதிகாரம் ஒப்புக்கொண்ட இடம்.

5

2025 ஆகஸ்ட் 1 முதல், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். தென்சென்னையில் 2000த்தில் தொடங்கியது வடக்கே வந்து சேர்ந்திருந்தது. மாதம் ஏறத்தாழ 23 ஆயிரம் வாங்கியது கம்பெனியில் 16 ஆயிரத்துச் சொச்சமாகும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. முக்கியக் கோரிக்கை: பணி நிரந்தரம். உயர்நீதிமன்ற உத்தரவைக் காட்டி, 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாள் அரசு நலத்திட்டங்களை அறிவித்தது: காலை உணவு, காப்பீடு, வீடு, பிள்ளைகளின் கல்விக்கு உதவி.

இவற்றைக் கேலி செய்ய நான் தயாரில்லை. பசியோடு பெருக்குபவருக்குச் சாப்பாடு முக்கியம். ஆனால் கேட்டது என்ன, கிடைத்தது என்ன என்று பாருங்கள். கேட்டவர் தொழிலாளி, கொடுக்கப்பட்டது பயனாளிக்கு. தொழிலாளி பேரம் பேசலாம், பயனாளி நன்றி சொல்லத்தான் முடியும். உரிமையைச் சலுகையாக மொழிபெயர்ப்பதே நம் காலத்து நல அரசின் முக்கியமான வேலையாகிவிட்டது. 2025 நவம்பர் 21இல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்து, 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமே பழங்கதையான பிறகு இந்த மொழிபெயர்ப்பு இன்னும் சுலபமாகும்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் வேலை உண்டு. சங்கக் கிளைகளில் கிடக்கிற ரசீதுக் கட்டுகள், பழைய நோட்டீஸ்கள், மஸ்டர் நகல்கள் செல்லரித்துப் போகுமுன் அவற்றைச் சேகரிக்க வேண்டும். ஓய்வு பெற்றவர்களிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும், தெலுங்கிலும்தான். வரலாறு எழுதுவதற்காக மட்டுமல்ல. நாளைக்கு யாரோ ஒரு பெண் ஏதாவதொரு தீர்ப்பாயத்தில் நின்று, நான் இத்தனை நாள் வேலை செய்தேன் என்று சொல்லும்போது, அவள் கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும்.