ஃபீபி: பிடிபட்ட துணைக்கோள் என்ற முடிவின் வரலாறு

சனியின் துணைக்கோளான ஃபீபியின் விட்டம் சுமார் 213 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போகும் நெடுஞ்சாலைத் தூரம்தான். சனியிலிருந்து சராசரியாக 1 கோடியே 29 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, பெரிய துணைக்கோள்கள் போகும் திசைக்கு எதிராக, 550 நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. இது சனியோடு பிறந்ததல்ல, வெளியிலிருந்து வந்து பிடிபட்டது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட முடிவு. எதிர்ச்சுற்றையே சான்றாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். அந்தச் சான்று வாசலைத் திறந்ததே தவிர வழக்கை முடிக்கவில்லை. முடித்தது 2004இல் தெரியவந்த ஃபீபியின் அடர்த்தி.

கண்ணும் தொலைநோக்கியும் மட்டும் இருந்த காலத்தில் இக்கேள்வியே எழுந்திருக்க முடியாது. சென்னை வானாய்வகத்தில் டபிள்யூ. எஸ். ஜேக்கப் சுமார் 6 அங்குலத் தொலைநோக்கியால் 1852இல் சனியின் மங்கலான உள்வளையம் ஒளி ஊடுருவக்கூடியது என்று கண்டார். பின்னர் அதன் துணைக்கோள்களின் பாதைகளையும் அளந்தார். அவ்வளவு கூர்ந்து பார்த்தவருக்கும் ஃபீபி சிக்கியிருக்காது. மலேசியாவின் சுங்கை பஞ்சாங் வயல்வெளியில் நின்றால் சனி வெறும் கண்ணுக்கே தெரியும். ஃபீபியோ, கண்ணுக்கு எட்டும் கடைசி விண்மீனைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு மங்கல். போதாததற்குச் சனியைவிட்டு முழுநிலவின் அகலம் அளவுக்கு விலகி, விண்மீன் கூட்டத்துக்குள் திரிகிறது. 1898இல் பெருவின் அரெக்கிப்பாவில் 24 அங்குல புரூஸ் தொலைநோக்கியால் எடுத்த ஒளிப்படத் தகடுகளில், இரவுக்கு இரவு இடம் மாறிய ஒரு புள்ளியாக அதை 1899இல் வில்லியம் பிக்கரிங் கண்டார். ஒளிப்படத்தால் கண்டுபிடிக்கப்பட்ட முதல் துணைக்கோள் இதுவே. மற்றவர்களுக்கு அது உடனே அகப்படாததால் ஐயம் நீடித்தது, 1904இல்தான் தெளிந்தது. எதிர்ச்சுற்றும் அதன்பின் உறுதியானது.

எதிர்ச்சுற்று ஏன் போதாது? பாதை இப்போது எப்படி இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. பொருள் எங்கே உருவானது என்பதை அது சொல்லாது. 2004 ஜூன் 11 அன்று காசினி விண்கலம் சுமார் 2,000 கிலோமீட்டர் அருகில் கடந்தபோது நிறையும் கன அளவும் கிடைத்தன. அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.64 கிராம். சனியின் பக்கம் அதற்கு அடுத்துள்ள பெரிய துணைக்கோளான இயாப்பெட்டசுக்கோ 1.09தான். சனியின் இன்னொரு துணைக்கோளான என்செலாடசும் 1.61 வருகிறதே என்று இங்கே ஒருவர் மறுக்கலாம், நியாயமான மறுப்பு. ஆனால் என்செலாடஸ் சனியின் அருகில் ஓத விசையால் சூடேறி உள்ளே இறுகிப்போனது. ஃபீபி சிறியது, குளிர்ந்தது; உள்ளே துளைகள் மிஞ்சியிருக்க வேண்டும். அவற்றைக் கழித்தால் அதன் பொருளின் உண்மை அடர்த்தி இன்னும் கூடும். டொரென்ஸ் ஜான்சனும் ஜொனாதன் லுனைனும் 2005இல் இந்தக் கணக்கைக் கொண்டே அது சனியோடு பிறந்த துணைக்கோள்களின் பொருளோடு ஒவ்வாதது, வெளிச் சூரியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றார்கள். மேற்பரப்பில் கண்ட கார்பன் டை ஆக்சைடு பனியும் அதற்கு இசைகிறது.

வந்த பொருள் வேகம் குறையாமல் எப்படிச் சிக்கும் என்பதே மிஞ்சும் வலுவான எதிர்வாதம். இளம் சனியைச் சூழ்ந்த வாயு தடுத்திருக்கலாம் என்று 1979இல் பொல்லாக், பர்ன்ஸ், டாபர் மூவரும் விளக்கினர். பெருங்கோள்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கடந்தபோது அருகிலிருந்த சிறு பொருள்கள் அகப்பட்டன என்று 2007இல் நெஸ்வோர்னி குழு காட்டியது. வாயு இருந்த காலம் குறுகியது. அதனால் பின்னதே எனக்கு வலுவாகப் படுகிறது. இரண்டில் எது நடந்திருந்தாலும் ஃபீபி வெளியாள்தான்.