ஹைட்டி: வெளியேறிய மூலதனமும் அண்டை நாட்டோடு விழுந்த இடைவெளியும்

கரீபியன் கடலின் இஸ்பானியோலா தீவை இரண்டு நாடுகள் பங்கிட்டுக்கொண்டுள்ளன. மேற்கே மூன்றில் ஒரு பங்கு ஹைட்டி. மீதி டொமினிக்கன் குடியரசு. 1960 வாக்கில் இரண்டின் தனிநபர் வருமானமும் ஏறக்குறையச் சமமாக இருந்தது. இன்று டொமினிக்கன் குடியரசின் தனிநபர் வருமானம் ஹைட்டியைப்போல் சுமார் ஐந்து மடங்கு. இதற்கு மண்வளம், காடழிப்பு, அரசியல் குழப்பம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இரண்டு நூற்றாண்டுகளாக ஹைட்டியைவிட்டுப் போன பணத்தைச் சேர்க்காமல் அந்தக் கணக்கு முடியாது.

பிரான்சின் காலனிகளிலேயே செல்வம் கொழித்த இடமாக ஹைட்டி இருந்தது. சர்க்கரையும் காப்பியும் விளைவித்த அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்து, 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்தனர். 1825 ஜூலையில் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் அனுப்பிய 14 போர்க்கப்பல்கள் போர்ட்-ஓ-பிரின்ஸ் துறைமுகத்துக்கு வந்தன. முன்னாள் தோட்ட முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்க் இழப்பீடு, அதுவும் ஐந்தே தவணைகளில். கூடவே பிரெஞ்சுச் சரக்குகளுக்குப் பாதிச் சுங்கம். இவற்றை ஏற்றால்தான் விடுதலைக்கு அங்கீகாரம். முதலாளிகள் இழந்த சொத்தில் அடிமைகளும் அடக்கம். ஆக, விடுதலை பெற்றவர்கள் தங்கள் உடலுக்கே விலை கொடுக்க வேண்டியிருந்தது. இதைக் கடன் என்பதைவிடக் கப்பம் என்பதே பொருந்தும்.

அதிபர் ழான்-பியேர் போயே உடன்பட்டார். முதல் தவணைக்கான 3 கோடி பிராங்க் கையில் இல்லாததால் பாரிஸ் வங்கியாளர்களிடமே கடன் வாங்கப்பட்டது. அதில் 60 லட்சத்தை அவர்கள் முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்கள், மீதி 2.4 கோடியும் இழப்பீடாகப் பிரான்சுக்கே போய்ச் சேர்ந்தது. முழுத் தொகைக்கும் வட்டி கட்டியது ஹைட்டி. வரலாற்றாசிரியர்கள் இதை ‘இரட்டைக் கடன்’ என்கிறார்கள். 1838இல் மொத்த இழப்பீடு 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. சுமையின் பெரும்பகுதி காப்பி ஏற்றுமதி வரி வழியாகச் சிறு விவசாயிகள் தலையில் விழுந்தது. சாலைக்கும் பள்ளிக்கும் போக வேண்டிய வரிப்பணம் தவணையாகக் கப்பலேறியது.

1880இல் தொடங்கப்பட்ட ஹைட்டியின் தேசிய வங்கியும் பாரிஸ் வங்கி ஒன்றின் கையில்தான் இருந்தது. அரசு தன் பணத்தைப் போடவும் எடுக்கவும் அதற்குத் தரகு கொடுத்தது. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் அந்த வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கத்தை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு தொடங்கிய அமெரிக்க ஆக்கிரமிப்பு 1934 வரை நீடித்தது. இழப்பீட்டோடு பிணைந்த கடன்கள் அடைபட்டது 1947இல்தான்.

டொமினிக்கன் பகுதியும் தப்பிவிடவில்லை. 1822 முதல் 1844 வரை அது ஹைட்டியின் ஆட்சியில் இருந்ததால் இழப்பீட்டுச் சுமையில் பங்கு சுமந்தது. பிற்பாடு அதன் சுங்க வருவாயை அமெரிக்கா தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 1916 முதல் 1924 வரை நாட்டையே ஆக்கிரமித்தது. எனவே பழைய கடன் ஒன்றையே காரணமாகக் காட்டுவது சரியல்ல. இடைவெளி வேகமாக விரிந்தது 1960க்குப் பிறகு. அங்கே சுற்றுலாவும் ஏற்றுமதித் தொழிற்பேட்டைகளும் வெளி முதலீட்டை ஈர்த்தன. இங்கே 1957 முதல் 1986 வரை ஆண்ட டுவாலியே குடும்பம் அரசுப் பணத்தை வெளிநாட்டுக் கணக்குகளுக்கு மாற்றியது. மருத்துவர்களும் ஆசிரியர்களும் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். சுவிட்சர்லாந்தில் முடக்கப்பட்ட அந்தக் குடும்பத்தின் பணத்துக்காகவே அந்நாடு தனிச் சட்டம் இயற்றியது. அது 2011இல் நடைமுறைக்கு வந்தது.

இந்த ஏற்றத்தாழ்வு கண்ணெதிரே தெரியும் இடம் டஹபோன் என்ற டொமினிக்கன் எல்லை ஊர். எல்லை திறந்திருக்கும் காலத்தில் திங்களும் வெள்ளியும் அங்கே சந்தை. ஹைட்டிப் பெண்கள் ஆற்றுப் பாலத்தைக் கடந்துவந்து, அமெரிக்காவிலிருந்து வந்த பழைய துணிகளைக் கூறுகட்டி விற்கிறார்கள். திரும்பும்போது டொமினிக்கன் பண்ணைகளின் முட்டையையும் வாழைக்காயையும் தலைச்சுமையாக எடுத்துப்போகிறார்கள். சொந்த மண்ணில் விளையக்கூடிய பொருளுக்கும் அவர்களுடைய காசு கிழக்கே போகிறது.

2003இல் அதிபர் ழான்-பெர்த்ரான் அரிஸ்டீட், பிரான்ஸ் 2,100 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தர வேண்டும் என்று கோரினார். மறு ஆண்டே பதவி இழந்தார். இழப்பீட்டு ஆணையின் இருநூறாம் ஆண்டு நாளான 2025 ஏப்ரல் 17 அன்று, பிரெஞ்சு அதிபர் மக்ரோன் இரு நாட்டு வரலாற்றாசிரியர்கள் அடங்கிய ஆய்வுக் குழுவை அறிவித்தார். பணத்தைத் திருப்பித் தருவதாக அந்த அறிவிப்பில் உறுதி ஏதும் இல்லை.