செமன் வந்த வழி

மாரி மழை இறங்கி வாடைக்காற்று வீசத் தொடங்கினால் இலங்கையின் கிழக்கில் எங்கள் தோப்பூர்த் தெருக்களில் மீன்காரரின் குரல் கேட்காது. கொட்டியாரக் குடா பக்கத்தில்தான் இருக்கிறது. நல்ல காலத்தில் விடியற்காலையில் மூதூர்ப் பக்கம் கரையேறிய சூடையும் கீரியும் பாரையும் மதியத்துக்கு முன் எங்கள் சட்டிக்கு வந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் கிழக்குக் கடல் யாரையும் உள்ளே விடாது. அந்த நாட்களில் உம்மா என்னைக் கூப்பிடுவார்.

“காக்காட கடையில ஒரு செமன் டின் வாங்கிட்டு வா மகன். கொப்பியில எழுதச் சொல்லு.”

மழைக்குள் ஓடிப்போய் வாங்கி வருவேன். அந்நாளைய டின்னுக்கு இழுத்துத் திறக்கும் வளையம் கிடையாது. உம்மம்மா கத்தி முனையை மூடியின் ஓரத்தில் வைத்து அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டுவார். உள்ளிருந்து மெல்லிய காற்றுச் சத்தம் வரும், பிறகு உப்பும் எண்ணெயும் கலந்த வாசம் வரும். எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிய வயதில் அந்த டின்னைச் சுற்றியிருந்த தாளை ஒருநாள் வாசித்தேன். அதில் ‘மக்கரல்’ என்று இருந்தது. செமன் என்ற சொல்லைக் காணவில்லை. உம்மம்மாவிடம் கேட்டேன். “செமன் எண்டாச் செமன்தான்” என்றார்.

அவர் சொன்னதில் எவ்வளவு வரலாறு இருக்கிறது என்று விளங்க எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

செமன் என்பது சல்மன். எங்கள் வீட்டில் யாரும் சல்மன் மீனைக் கண்ணால் கண்டதில்லை. அது குளிர்நாட்டு மீன். ஆற்றின் மேல்முனையில், கூழாங்கற்களுக்கிடையில் முட்டையிலிருந்து வெளிவரும். வளர்ந்ததும் கடலுக்குப் போகும். சில வருடங்கள் கடலில் திரிந்துவிட்டு, தான் பிறந்த அதே ஆற்றை மணத்தால் அடையாளம் கண்டு, நீரோட்டத்தை எதிர்த்து ஏறித் திரும்பி வரும். பசிபிக் சல்மனில் பெரும்பாலானவை முட்டையிட்ட பின் அங்கேயே இறந்துவிடும். இந்த மீனின் பெயர் வெப்பக் கடலோரத்துச் சிற்றூர் ஒன்றுக்கு எப்படி வந்தது? டின்னுக்குள் வந்தது.

உணவைக் காற்றுப் புகாமல் மூடிக் கொதிக்க வைத்தால் கெடாது என்பதைக் கண்டு, 1810இல் நூலாக எழுதி வெளியிட்டவர் பிரான்சின் நிக்கோலா அப்பேர். அவர் பயன்படுத்தியது கண்ணாடிப் போத்தல். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டூராண்ட் தகரப் பேணிக்கும் சேர்த்துக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் 1864இல் ஹியூம் சகோதரர்களும் ஆண்ட்ரூ ஹாப்குட்டும் கலிபோர்னியாவின் சக்ரமெண்டோ ஆற்றில் சல்மனைப் பிடித்து டின்னில் அடைக்கத் தொடங்கினார்கள். இரண்டு ஆண்டுகளில் அந்தத் தொழில் கொலம்பியா ஆற்றுக்கு ஏறியது. பிறகு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும், 1878இல் அலாஸ்காவுக்கும் போனது. அந்த ஆலைகளில் மீனை வெட்டிக் கழுவி அடைத்த கைகளில் பெரும்பகுதி சீனத் தொழிலாளருடையதும் பூர்வகுடிப் பெண்களுடையதும். டின்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளுக்கும் அவர்களோடு சேர்ந்து போயின.

சொல்லே இதற்குச் சாட்சி சொல்கிறது. ஆங்கில எழுத்தில் இந்தப் பெயருக்கு நடுவே ‘ல்’ உண்டு. ஆனால் ஆங்கிலேயர் பேசும்போது அந்த ‘ல்’ ஒலிக்காது. நம் செமனிலும் ‘ல்’ இல்லை. ஆகவே இது ஏட்டில் வாசித்து எடுத்த சொல் அல்ல, காதால் கேட்டு எடுத்த சொல். சிங்களத்திலும் ஏறக்குறைய இதே ஒலிதான். யாரோ ஒருவர் கடையிலோ துரை வீட்டுச் சமையலறையிலோ கேட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளைகளிடம் கொடுத்த சொல்.

காலம் போகப் போக டின்னுக்குள் இருந்த மீன் மாறியது. சல்மனின் விலை ஏறியது, மலிவான மீன்கள் அதே டின்னுக்குள் வந்து சேர்ந்தன. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. நம் ஊருக்கு நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கும் செமன், பெரும்பாலும் மக்கரல் என்ற பெயரில் விற்கும் மீன்கள்தான். அவற்றில் முக்கியமான ஒன்று தென்னமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து வருகிறது.

சிலி மக்கள் அந்த மீனை ‘ஹூரெல்’ என்கிறார்கள். அது சல்மன் குடும்பத்துக்குச் சொந்தமில்லை. நம் பாரை மீனுக்குத்தான் உறவு. ஹம்போல்ட் நீரோட்டம் தெற்கிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த நீரைச் சிலியின் கரையோரமாகக் கொண்டுவருகிறது. அந்த நீரில் பெருங்கூட்டமாக வாழும் மீன் அது. 1995இல் சிலி மட்டும் 40 இலட்சம் தொன்னுக்கு மேல் பிடித்தது. அதில் பெரும்பகுதி மனிதரின் தட்டுக்குப் போகாமல், கால்நடைக்கும் பண்ணை மீனுக்கும் தீனியாக அரைபட்டது. அளவுக்கு மீறிப் பிடித்ததன் விலையை அந்தக் கடல் கொடுத்தது. மீன் வெகுவாகக் குறைந்தது. தென் பசிபிக் மீன்வளத்தைக் காக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 2012இல் நடைமுறைக்கு வந்து, நாடுகள் பிடிக்கும் அளவுக்கு எல்லை வைத்த பிறகு மீன் மெல்ல மீண்டது.

என்னை உலுக்கிய செய்தி வேறொன்று. சிலியில் இந்த டின் மீனை விற்றபோது அதன் மேல் ‘ஹூரெல் டிப்போ சல்மோன்’ என்று அச்சிட்டார்கள். ‘சல்மன் மாதிரியான ஹூரெல்’ என்று பொருள். அங்கேயும் அது வசதி குறைந்த வீடுகளின் உணவு, அங்கேயும் அதற்குச் சல்மனின் பெயர். ஒரே மீனைச் சாப்பிட்ட இரண்டு ஏழைச் சமையலறைகள், கடலின் இரு முனைகளில், ஒன்றையொன்று அறியாமல் அதை ஒரே பெயரால் அழைத்திருக்கின்றன. அதே சிலி இன்று உலகில் நோர்வேக்கு அடுத்தபடியாக அதிகப் பண்ணைச் சல்மன் வளர்க்கும் நாடு. அசல் சல்மன் பணக்கார நாடுகளுக்குப் போகிறது. பெயர்ச் சல்மன் நமக்கு வருகிறது.

ஆலையில் மீனின் தலையும் வாலும் குடலும் நீக்கப்படும். டின்னின் உயரத்துக்குத் துண்டாக்கி நிறுத்தி அடுக்குவார்கள். ஆவியில் ஒருமுறை அவித்து, ஊறிய நீரை வடித்து, உப்புநீரோ தக்காளிச் சாறோ ஊற்றி மூடியை மடித்து இறுக்குவார்கள். பிறகு பெரிய அழுத்தக் கொப்பரைக்குள் ஏறத்தாழ 115 முதல் 121 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். சாதாரணக் கொதிநீரில் சாகாத நச்சுக் கிருமியின் வித்துகளும் அந்த வெப்பத்தில் அழிகின்றன. அதே வெப்பம்தான் நடுமுள்ளையும் மாவாக்குகிறது. எங்கள் வீட்டில் செமன் முள்ளை யாரும் எறிந்ததில்லை. “அதுதான் சத்து” என்று உம்மம்மா சின்னவர்களின் கோப்பையில் முள்ளையே முதலில் வைப்பார். அவர் சொன்னது சரி. மென்மையான அந்த முள்ளில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருக்கிறது.

கொள்கலனில் கொழும்புத் துறைமுகம் வந்து, அங்கிருந்து லொறியில் ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலை மாவட்டத்துக்குள் நுழையும் டின்னுக்கு, ஒரு காலத்தில் கடைசித் தூரம்தான் மிகக் கடினம். கிண்ணியாவிலும் உப்பாற்றிலும் கங்கைத் துறையிலும் இறால்குழியிலும் ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவையில் ஏறி வரவேண்டும். வெள்ளம் வந்தால் பாதை ஓடாது. 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலமும், 2011இல் மற்றப் பாலங்களும் திறந்த பிறகுதான் எங்கள் கடை அலுமாரிகள் மாரியிலும் நிறைந்திருந்தன.

இந்த டின்னுக்கு எங்கள் வீடுகளில் இடம் கிடைத்ததற்கு மார்க்கமும் ஒரு காரணம். இறைச்சி என்றால் யார் அறுத்தது, எப்படி அறுத்தது என்று கேட்கவேண்டும். மீனுக்கு அறுப்பு வேண்டியதில்லை. எந்த நாட்டு மீனும் எங்கள் சட்டிக்கு ஹலால். வேளாண்மைக் காலத்தில் வயல் வாடியில் காவலிருக்கப் போகும் வாப்பாவின் பையில் அரிசி, வெங்காயம், கொச்சிக்காய்த் தூளோடு இரண்டு செமன் டின் இருக்கும். ஐஸ் வேண்டாம், பொரித்துக் கட்டவும் வேண்டாம்.

உம்மா செமன் கறி வைக்கும் முறையைச் சொல்கிறேன். பச்சை மீன் கறிக்கு நேர் எதிரான முறை அது. பச்சை மீன் குழம்பில் கிடந்து வேகும்போது தன் சுவையைக் குழம்புக்குக் கொடுக்கும். செமன் ஏற்கெனவே வெந்த மீன், அதற்கு இனி வேக எதுவுமில்லை. ஆகவே குழம்பு முழுதாகத் தயாராக வேண்டும், பிறகுதான் மீன் இறங்கவேண்டும். சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் வெந்தயம், வெங்காயம், உள்ளி, பச்சைக் கொச்சிக்காய், ரம்பை, கறிவேப்பிலை. வெங்காயம் பொன்னிறமானதும் தக்காளி. பிறகு கொச்சிக்காய்த் தூள், கறித்தூள், மஞ்சள். தூளின் பச்சை வாசம் போகும்வரை பொறுமை வேண்டும். பழப்புளியும் இரண்டாம் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் கொதித்து வற்றிய பிறகு, துண்டு உடையாமல் மீனைக் கையால் இறக்குவார். அகப்பை போடமாட்டார். சட்டியின் இரு காதையும் பிடித்து ஒருமுறை சுழற்றுவார். முதற்பால் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுவார். பாண், இடியப்பம், புட்டு, எதற்கும் அது போதும்.

நோன்பு காலத்தில் அதே டின் கட்லட்டாகும். தண்ணீரை ஒட்ட வடித்து, அவித்து மசித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், கறிவேப்பிலை, மிளகுத்தூள், தேசிக்காய்ச் சாறு சேர்த்துப் பிசைந்து உருட்டி, முட்டையில் தோய்த்துப் பாண் தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். தண்ணீர் சரியாக வடியாவிட்டால் எண்ணெயில் கட்லட் வெடித்துப்போகும். அசர் தொழுகைக்குப் பின் ஊர் முழுதும் அந்த எண்ணெய் வாசம்தான். மஃரிபு பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம், கஞ்சி, அதன் பின் சூடான கட்லட். ஒரு டின் செமனில் இருபது கட்லட் உருட்டி, அண்டை வீட்டுக்கும் நாலு அனுப்புவார் உம்மா.

துயரத்திலும் இந்த டின் எங்களோடு இருந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்த பிறகு, கிழக்கில் பலர் வாரக்கணக்காகக் கடல்மீனைத் தொடவில்லை. கடல் கொண்டுபோனவர்களை நினைத்தால் மீன் தொண்டையில் இறங்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் மீன் என்று இருந்தது வேறு கடலின் மீன்தான். 2006 ஓகஸ்டில் மூதூரும் தோப்பூரும் போருக்கு நடுவே அகப்பட்டபோது, ஆயிரக்கணக்கானோர் கந்தளாய்க்கு ஓடினோம். அங்கே ஒரு பாடசாலை வகுப்பறையில், முன்பின் தெரியாத ஒருவர் தந்த செமன் டின்னை உம்மா கல்லால் தட்டித் திறந்தார். வெங்காயம் இல்லை, பால் இல்லை. உப்பும் தேசிக்காயும் மட்டும் பிசைந்து எட்டுப் பேருக்குப் பங்கு வைத்தார். பிறந்த ஆற்றுக்குத் திரும்பும் மீனின் பெயரைக் கொண்ட உணவைத் தின்றுவிட்டு, எப்போது ஊருக்குத் திரும்புவோம் என்று பேசிக்கொண்டிருந்தோம். திரும்பினோம்.

அரசும் இந்த டின்னை அறியும். இலங்கையில் டின் மீனுக்கென்றே எஸ்.எல்.எஸ். 591 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. 2020 மார்ச்சில் பருப்பு கிலோ 65 ரூபாய், 425 கிராம் டின் மீன் 100 ரூபாய் என்று உச்ச விலை அறிவித்தார்கள். ஒரு நாட்டின் அடுப்பில் எவை அத்தியாவசியம் என்று கேட்டால் அந்த இரண்டையும்தான் சொல்வார்கள். அந்த விலை சில வாரங்களே நின்றது. 2022 பொருளாதார நெருக்கடியில் டின்னின் விலை வெகுவாக ஏறியபோது, முழு டின் வாங்கிய வீடுகள் சின்ன டின்னுக்கு இறங்கின. குழம்பில் உருளைக்கிழங்கு கூடியது, மீன் குறைந்தது.

என் தங்கச்சி இப்போது லண்டனில் இருக்கிறாள். போன பெருநாளைக்குத் தொலைபேசியில் சொன்னாள்: “காக்கா, இங்க அசல் சல்மன் தாராளமாக் கிடைக்குது. கறி வெச்சன். மீன் நல்லம். ஆனாச் செமன் கறி மாதிரி வரல்ல.” சல்மனில் கொழுப்பு அதிகம், தேங்காய்ப்பாலைக் குறைத்துப் புளியைக் கூட்டு என்றேன். அவள் அதற்குள் முடிவெடுத்துவிட்டிருந்தாள். பஸ் ஏறித் தமிழ்க் கடைக்குப் போய் மக்கரல் டின் வாங்கி வந்து செமன் கறி வைத்திருக்கிறாள். அசல் சல்மன் குளிரூட்டியில் இருந்திருக்கிறது. உம்மம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. செமன் என்பது எங்களுக்கு மீனின் பெயர் அல்ல. மாரியில் மீன் இல்லாத நாளில் உம்மா வைத்த கறியின் பெயர்.

ஊருக்குப் போனபோது கிணற்றடியில் வெற்று டின்கள் வரிசையாக இருந்தன. உம்மா ஒவ்வொன்றின் அடியிலும் ஆணியால் மூன்று துளை போட்டு, மண் நிரப்பி, கொச்சிக்காய் விதை போட்டிருந்தார். சிலவற்றில் இரண்டிலை விட்டிருந்தது. மாரிக்கு முன் நிலத்தில் நட்டுவிடவேண்டும் என்றார். அடுத்த செமன் கறிக்குப் பச்சைக் கொச்சிக்காய் அதிலிருந்து வரும்.