தடயவியல் மானிடவியல்: திருகோணமலை மாவட்டம்

முகமும் கைரேகையும் அழிந்துபோன மனித எச்சங்களின் எலும்பையும் பல்லையும் ஆராய்ந்து, அவை யாருடையவை, எக்காலத்தவை, சாவு எப்படி நேர்ந்திருக்கலாம் என்று நீதிமன்றத்துக்கு எடுத்துரைக்கும் துறை தடயவியல் மானிடவியல். இலங்கையில் இப்பணி நீதவானின் உத்தரவின்பேரில், சட்ட வைத்திய அதிகாரியின் தலைமையில், பெரும்பாலும் தொல்லியலாளர் ஒருவரின் துணையோடு நடக்கிறது.

திருகோணமலையில் எலும்பு கிடைத்தால் எழும் முதற் கேள்வி ‘யார்’ என்பதல்ல, ‘எந்தக் காலத்தவர்’ என்பதே. இயற்கைத் துறைமுகத்துக்காகவே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து சண்டையிட்ட இடம் இது. 1782இல் மட்டும் ஒரே ஆண்டுக்குள் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனுக்கும் கோட்டை கைமாறியது. காய்ச்சலிலும் கழிச்சலிலும் செத்த மாலுமிகள், கரையோர ஊர்களின் பழைய இடுகாடுகள், இரண்டாம் உலகப் போர், 2004இன் ஆழிப்பேரலை, ஏறத்தாழ முப்பதாண்டு உள்நாட்டுப் போர் என்று ஒரே மணலுக்குள் பல காலத்துச் சாவுகள் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் சொல்லப்படும் எந்த முடிவும் யாரோ ஒரு தரப்புக்கு வசதியாகவே முடிந்திருக்கிறது.

மண்டையோடு சேகரித்த காலம்

இலங்கை எலும்புகளின்மீது அறிவியல் விழுந்தது நீதிக்காக அல்ல. 1881இல் ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ஃப் விர்ஹோ வேடர்களைப் பற்றி எழுதிய நூலுக்கு, ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த மண்டையோடுகளே ஆதாரம். அடுத்த பத்தாண்டில் சரசின் என்ற குடும்பப்பெயர் கொண்ட உறவினர் இருவரும் அதே வழியில் அளந்து தொகுத்தார்கள். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூல் கிழக்குக் கரை வேடரையும் விவரித்தது. மூதூருக்குத் தெற்கே இன்றும் அவர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கிறார்கள். இனங்களைத் தரம் பிரிக்கும் ஆசையில் பிறந்த அளவைகள் அவை. எலும்புக்குரியவரின் உறவினரிடம் யாரும் அனுமதி கேட்டதாகத் தெரியவில்லை.

அந்த மரபைத் தலைகீழாக்கியவர்களில் ஒருவர் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் கென்னத் கென்னடி. பலாங்கொடை மனிதர் எனப்படும் வரலாற்றுக்கு முந்திய இலங்கையரின் எச்சங்களை ஆராய்ந்த அவர், அமெரிக்க நீதிமன்றங்களுக்கு எலும்பு பார்த்துச் சொல்லும் தடயவியல் மானிடவியலாளராகவும் இருந்தார். தொழில் உடலில் விட்டுச்செல்லும் தடங்கள் அவருடைய சிறப்புப் பொருள்: துடுப்புப் போட்ட தோள், சுமை தூக்கிய கழுத்து, குந்தியிருந்து வேலை செய்த கணுக்கால். கடலில் மூழ்குவோரின் காதுக்குழியில் வளரும் எலும்புக் கட்டியும் இவ்வகைத் தடங்களில் ஒன்று. ஆனால் அது குளிர்நீரில் மூழ்குவோருக்கே பெரும்பாலும் வருவது. கொட்டியாரக் குடாவின் வெதுவெதுப்பான நீரில் சங்கு குளித்தவரின் காதில் அதைத் தேடிப் பயனில்லை. வெளிநாட்டுப் பாடநூலை இங்கே அப்படியே விரிக்க முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

உயரக் கணக்கும் அப்படித்தான். தொடையெலும்பின் நீளத்திலிருந்து ஆளின் உயரத்தைக் கணிக்கும் வாய்பாடுகளில் அதிகம் பயன்படுபவை மில்ட்ரெட் ட்ரொட்டரும் கோல்டீன் க்ளெசரும் 1952இல் வெளியிட்டவை. இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்கப் படையினரை ஹவாயில் வைத்து அடையாளம் கண்டபோது திரட்டிய அளவுகளே அவற்றுக்கு முக்கிய அடிப்படை. அந்த உடல்வாகு வேறு, மூதூர்க் கமக்காரரின் உடல்வாகு வேறு.

1942 ஏப்ரல் 9

அதே போர் திருகோணமலைக்கும் வந்தது. அன்று காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின்மேல் ஒரு ஜப்பானிய விமானம் விழுந்து வெடித்தது. தீ நாட்கணக்கில் எரிந்ததாக ஊரில் சொல்வார்கள். அப்படிப்பட்ட தீயில் எலும்பு முதலில் கறுத்து, பிறகு சாம்பல் நிறமாகி, எண்ணூறு பாகை செல்சியசைக் கடக்கும்போது வெளுத்துச் சுண்ணாம்பாகிவிடும். சுருங்கும், வெடிக்கும். அதன் மரபணுவும் போய்விடும். இன்றைய ஆய்வுகூடம் கூட அதிலிருந்து பெயர் எடுக்காது.

நிலாவெளி வீதியில் உப்புவெளியில் உள்ள போர் மயானத்தில் அக்காலத்து இறந்தோரின் கற்கள் வரிசையாக நிற்கின்றன. அங்கே பெயரைக் காத்தது எலும்பாராய்ச்சி அல்ல, படைப் பதிவேடு. யார் எந்தக் கப்பலில் ஏறினார், எத்தனை பல் அடைத்திருந்தார், என்ன உயரம் என்று இறப்பதற்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள். எலும்பு தரும் தகவல் பாதிதான். மற்றப் பாதி உயிரோடு இருந்தபோது எழுதியதாகவோ, உறவினர் நினைவில் வைத்திருப்பதாகவோ இருக்க வேண்டும். இம்மாவட்டத்தின் குடிமக்களுக்கு அப்படிப்பட்ட எழுத்துப் பதிவு வாய்க்கவில்லை.

நீதிமன்றமும் வைத்தியரும்

இலங்கையின் சட்ட மருத்துவம் வலுவான மரபு உடையது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் சட்ட மருத்துவப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம், வெப்ப நாட்டில் பிணம் குளிரும் வேகத்தை அளந்து 1950களில் வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் எடுத்தாளப்பட்டது. ஆயினும் அது புதுப் பிணத்தின் அறிவியல். எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு பேசும் தேவை 1990களில்தான் நாட்டின் கழுத்தைப் பிடித்தது: 1994இல் சூரியகந்தப் புதைகுழி, 1999இல் செம்மணிப் புதைகுழி. செம்மணியில் அப்போது 15 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. இருவர் அடையாளம் காணப்பட்டனர். ஆர்ஜென்டினாவில் 1984இல் க்ளைட் ஸ்னோ என்ற அமெரிக்கர் மாணவர்களைப் பழக்கி உருவாக்கிய குழு, அதற்குள் பல நாடுகளில் புதைகுழி தோண்டும் அனுபவம் பெற்றிருந்தது. இங்கே அப்படியொரு நிலையான குழு உருவாகவில்லை. ஒவ்வொரு புதைகுழிக்கும் ஒவ்வொரு தடவையும் ஆள் தேட வேண்டியிருந்தது.

ஆழிப்பேரலை

2004 டிசெம்பர் 26 அன்று கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளைக் கடல் ஏறி மிதித்தது. கிண்ணியா வைத்தியசாலையே அழிந்தது. இலங்கையில் இறந்தவர்களில் பெரும்பாலோரை உறவினர் முகம் பார்த்து அடையாளம் சொன்னார்கள். சொல்ல ஆளில்லாதவர்களை நாட்கணக்குக்குள் கூட்டாக அடக்கம் செய்தார்கள். நோய் பரவும் என்ற அச்சம் இந்த அவசரத்துக்கு ஒரு காரணம். பேரிடரில் காயத்தால் இறந்தவரின் உடல் கொள்ளைநோயைக் கொண்டுவராது என்பது மருத்துவத்துக்குத் தெரிந்த விடயம்தான். வெயிலில் இரண்டு மூன்று நாள் கிடந்த முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்வது பிழைக்கும் என்பதும் தெரிந்ததே. தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டவரைப் பெரிதும் பல் பதிவுகளைக் கொண்டே அடையாளம் கண்டார்கள். பல் வைத்தியரிடம் கோப்பு வைத்திருந்தவர்களுக்கு அந்த வழி திறந்திருந்தது. கிண்ணியாவின் மீனவருக்கு அப்படி ஒரு கோப்பு ஏது?

அந்தக் கூட்டுப் புதைகுழிகள் இன்னொரு விதத்திலும் முக்கியமானவை. பின்னாளில் இக்கரையில் எலும்பு கிளம்பினால், அது அலையில் போனவரா, ஆயுதத்தில் போனவரா என்ற கேள்வி அவற்றால்தான் எழும். எங்கே, எத்தனை பேரை, எந்த ஆழத்தில் புதைத்தோம் என்ற வரைபடம் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

மூதூர், 2006

2006 ஓகஸ்ட் 4 அன்று, பசிக்கு எதிரான நடவடிக்கை என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் மூதூரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு தமிழர், ஒரு முஸ்லிம். உடல்கள் சில நாள் வெளியே கிடந்த பின்னரே மீட்கப்பட்டன. அடக்கம் செய்த சில உடல்கள் அவ்வாண்டு ஒக்டோபரில் தோண்டி எடுக்கப்பட்டுக் கொழும்பில் மீண்டும் பரிசோதிக்கப்பட்டன. ஆஸ்திரேலியத் தடயவியல் மருத்துவர் மல்கம் டொட் பார்வையாளராக இருந்தார். இங்கே பெயரில் சிக்கல் இல்லை. எல்லோரையும் ஊர் அறியும். எடுத்த சன்னங்களுள் ஒன்று 5.56 மில்லிமீட்டர் வகையா 7.62 வகையா என்பதே ஆண்டுக்கணக்கான சர்ச்சையாயிற்று. 2007இல் சர்வதேச சட்டவல்லுநர் ஆணைக்குழுவும் அதில் கேள்வி எழுப்பியது. எடுத்த பொருள் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்ற பதிவு பிசகினால், உடல் சொன்ன சாட்சியும் பிசகிவிடும் என்பதற்கு மாவட்டத்தின் பாடம் அது. இக்கொலைகளுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

துறைமுகத்துக்குள்ளேயே இன்னொரு கேள்வி இருந்தது. கடற்படைத் தளத்தில் இரகசியத் தடுப்பு நிலவறைகள் இருந்ததை, 2015 நவம்பரில் வந்த ஐ.நா. வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் பற்றிய செயற்குழு நேரில் பார்த்து அறிவித்தது. அடுத்த ஆண்டு 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமல் போனோர் அலுவலகம் பிறந்தது. 2017 முதல் வடக்குக் கிழக்கில் காணாமல் போனோரின் உறவினர்கள் தெருவில் இறங்கினார்கள். திருகோணமலைத் தாய்மாரும் அவர்களுள் இருந்தார்கள்.

சம்பூர், 2025

2025 ஜூலையில் சம்பூர்க் கடற்கரையில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தவர்களின் கருவிக்கு மனித எலும்புகள் தட்டுப்பட்டன. 1990இல் கொல்லப்பட்ட ஊரவருக்காக எழுப்பிய நினைவுத்தூபி அருகில்தான் இருக்கிறது. மூதூர் நீதவான் நீதிமன்றம் வேலையை நிறுத்தச் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியிடமும் தொல்லியல் திணைக்களத்திடமும் அறிக்கை கேட்டது. இரு தரப்பையும் அழைத்ததற்குக் காரணம் உண்டு: 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியதையே தொல்பொருள் என்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் அது வரலாறு, இந்தப் பக்கம் வந்தால் வழக்கு.

அதே கோட்டில்தான் மன்னார் சதொச வளவின் புதைகுழி அகழ்வு 2019இல் நின்றுபோனது. அங்கே 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஆறு மாதிரிகள் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்துக்குப் போயின. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று கதிரியக்கக் காபன் அறிக்கை வந்தது. மாத்தளைப் புதைகுழியிலும் அப்படியே: மண்ணடுக்கும் பொருட்களும் 1980களின் கடைசியைக் காட்டுவதாகத் தொல்லியலாளர் ராஜ் சோமதேவ சொல்ல, காபன் அறிக்கை அதற்கு முந்திய காலம் என்றது. இதற்கு மாறாக, திருகோணமலைக்கு வடக்கே எல்லை தாண்டினால் வரும் கொக்குத்தொடுவாயில் 52 எலும்புக்கூடுகளோடு இலக்கத் தகடுகளும் உடைகளும் கிடைத்தன. காலம் 1994–1996 என்று கணிப்பதில் அவையும் துணைநின்றன.

காபன் கணக்கைக் கடற்கரையில் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கடல்நீரிலுள்ள காபன், காற்றிலுள்ளதைவிடப் பழையது. சராசரியாக நானூறு ஆண்டு வித்தியாசம் காட்டும். மீனையே முதன்மை உணவாக உண்டவரின் எலும்பு, அதைத் திருத்தாமல் கணித்தால், உண்மையைவிட மூத்ததாகத் தோன்றும். மறுபுறம், 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலக் கதிரியக்கக் காபனை 1963 வரை ஏறத்தாழ இரட்டிப்பாக்கின. அதன்பின் பிறந்து வளர்ந்தவரின் பல்லில் அந்தத் தடம் தவறாமல் இருக்கும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி எத்தனை நூற்றாண்டு என்பதல்ல. 1955க்கு முன்னா பின்னா என்பதே. அந்தத் தடம் உள்ள ஒரு கடைவாய்ப் பல் அதற்குப் பதில் சொல்லிவிடும்.

காலம் நிச்சயமான பின்னர்தான் ஆள் தேடல் தொடங்கும். இடுப்பெலும்பின் வடிவம் ஆணா பெண்ணா என்று சொல்லும். முப்பதை நெருங்கியே முழுதாக ஒட்டும் காறை எலும்பின் உள்முனை வயதுக்கு எல்லை கட்டும். ஆறிய முறிவைத் தாய் நினைவு வைத்திருப்பாள். செம்மணியில் மீண்டும் நடந்த அகழ்வில் கிடைத்த உடைகளையும் பொருட்களையும் 2025 ஓகஸ்ட் 5 அன்று பொதுமக்களுக்குக் காட்டியது இந்த நோக்கத்தில்தான். ஆனால் கிடைத்த எலும்பின் மரபணுவை ஒப்பிட, உறவினரிடம் முறையாகத் திரட்டிய தேசிய இரத்த மாதிரித் தொகுப்பு அப்போது இருக்கவில்லை. 1990இல் பிள்ளையை இழந்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். பெற்றோர் இருவரின் மாதிரி இருந்தால் விடை ஏறத்தாழ உறுதி. சகோதரர் மட்டும் என்றால் தளர்வு.

பழைய எலும்பில் எளிதில் மிஞ்சுவது தாய்வழி மட்டுமே கடத்தப்படும் இழைமணி மரபணு. பல நாடுகளில் அது வரப்பிரசாதம். கிழக்கிலங்கையிலோ மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அழைத்துக்கொள்ளும் வழக்கத்தால், அக்கா தங்கை, பெரியம்மா சின்னம்மா மக்கள் என்று ஒரே தாய்வழியார் பக்கத்துப் பக்கத்து வளவுகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். ஒரு நாளில் ஓர் ஊரிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஐந்து இளைஞரும் ஒரே இழைமணி மரபணுவை உடையவராக இருக்கக்கூடும். அங்கே அச்சோதனை குடும்பத்தைக் காட்டும், ஆளைக் காட்டாது. தந்தையின் மாதிரியும் கையில் இருந்தால், வெவ்வேறு தந்தையருக்குப் பிறந்தவர்களைப் பிரித்துப் பெயர் சொல்ல முடியும்.