ராயப்பன், தியாகராஜன், குப்பன்: வடசென்னை ஆண்பிள்ளைப் பெயர்கள்

ராயபுரம் என்ற ஊர்ப்பெயருக்குள்ளேயே ஓர் ஆண்பிள்ளையின் பெயர் இருக்கிறது. இயேசுவின் சீடரும் மீனவருமான பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் ராயப்பர் என்றே அழைத்து வந்தனர். துறைமுகம் கட்டப்படும் முன், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகளில் கரைசேர்த்த படகோட்டிகள், தங்கள் குடியிருப்பில் அவருக்குத் தேவாலயம் எழுப்பினர். ராயப்பர் ஊர் ராயபுரமாயிற்று.

பழைய மறைப்பணியாளர்கள் புனிதர்களின் பெயர்களில் பலவற்றை ஒலியால் அல்ல, பொருளால் தமிழாக்கினர். பவுல் என்றால் இலத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பர். யோவான் என்ற எபிரேயப் பெயரில் கடவுளின் அருள் இருப்பதால் அருளப்பர். ஸ்தேவானின் கிரேக்க மூலம் மணிமுடியைக் குறிப்பதால் முடியப்பர். சூசை, சவேரி, சந்தியாகு ஆகியவை அப்படியல்ல. போர்த்துக்கீசியர் வழி வந்து தமிழ் நாவில் தேய்ந்த ஒலிகள். கான்ஸ்டன்ஸோ என்ற தம் பெயரைப் பெஸ்கி பாதிரியார் தைரியநாதர் என்று ஆக்கிக்கொண்டதும் முதல் வழியில்தான். அதுவே பின்னர் வீரமாமுனிவர் ஆயிற்று.

திருவொற்றியூரின் பெயர், அவ்வூர்த் தெய்வத்தின் பெயரான தியாகராஜன். தியாகம் என்பதற்குப் பழந்தமிழில் கொடை என்றே பொருள். இழப்பு என்ற இன்றைய சாயல் பிற்பாடு ஏறியது. நீதிக்கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான பிட்டி தியாகராயர் (பிறப்பு 1852) தாங்கியதும் இப்பெயரே. இசைமேதை தியாகராஜ சுவாமிகளின் மாணவர் வீணை குப்பய்யரின் மகன் திருவொற்றியூர் தியாகய்யர். குருவின் பெயரும் ஊர்த் தெய்வத்தின் பெயரும் இவரிடம் ஒன்றாகிவிட்டன.

தந்தையின் பெயரிலுள்ள ‘குப்பு’ வேறொரு வகை. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தால், அடுத்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, குப்பன், குப்புசாமி என்று பெயரிடுவர். பிச்சையாகக் கேட்டு வாங்கியதுபோல் சடங்கு செய்தால் பிச்சை. யாரும் விரும்பாத பொருள் என்று நினைத்து எமன் விட்டுவிடுவான் என்ற நம்பிக்கை. அம்மையும் காலராவும் குழந்தைகளை வாரிச் சென்ற காலத்தில் இப்பெயர்கள் பெருகியதில் வியப்பில்லை. சாதி பார்க்காத அச்சம் அது.

திருப்பதியின் அண்மையால் ஏழுமலை, இராமானுசரின் ‘யதிராஜர்’ பட்டத்தால் எத்திராஜ், முனீஸ்வரரால் முனுசாமி எனப் பல பெயர்கள் வடதமிழகத்தில் மிகுதி. 1714இல் போரில் மாண்ட செஞ்சியின் தேஜ் சிங், கதைப்பாடல்களிலும் கூத்துகளிலும் தேசிங்கு ஆகி, பிள்ளைகளின் பெயராகவும் வந்தான்.

ஆலைகள் பெருகியபின் பெயர்கள் மாறின. 1916 அளவில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய வேதாசலம், வேதத்தை மறையாகவும் அசலத்தை மலையாகவும் பெயர்த்து மறைமலை ஆனார். பாதிரியார்கள் கையாண்ட அதே முறை! திராவிட இயக்கத்தில் ராமையா அன்பழகனானார், நாராயணசாமி நெடுஞ்செழியனானார். 1949 செப்டம்பர் 18 அன்று ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க. தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தபின், இத்தகைய பெயர்கள் தொழிலாளர் வீட்டுத் தொட்டில்களையும் எட்டின. தொழிற்சங்க வீடுகளில் லெனினும், ரஷ்ய மொழியில் எஃகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த ஸ்டாலினும் பிறந்தனர். ஆயினும் முன்னெழுத்து தந்தையுடையது. குப்பனின் மகன் பள்ளிப் பதிவேட்டில் கு. அன்பழகன், சின்னப்பனின் மகன் சி. லெனின்.